பூக்களின் பள்ளத்தாக்கும் ஆடுகளின் குற்றமும்

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்திலுள்ள பூக்களின் பள்ளத்தாக்கைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே கதையுடன் தொடங்குகின்றன. 1931ஆம் ஆண்டில் காமெத் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிரித்தானிய மலையேறிகள் சிலர் இப்பள்ளத்தாக்கைக் ‘கண்டுபிடித்தார்கள்’ என்பதே அக்கதை. அவர்களுள் ஒருவரான ஃபிராங்க் ஸ்மைத் 1937இல் மீண்டும் வந்து செடிகளைச் சேகரித்தார். 1938இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலின் தலைப்பே இடத்தின் பெயராக நிலைத்துவிட்டது. இன்று இந்தியில் வழங்கும் ‘ஃபூலோன் கி காட்டி’ என்பதும் அந்த ஆங்கிலத் தலைப்பின் மொழிபெயர்ப்பே. அதற்கு முன்பே இவ்விடத்துக்குப் பியூந்தார் என்ற பெயர் இருந்தது. அதே பெயரில் கீழே ஓர் ஊர் இருந்தது. அவ்வூரின் ஆடுகள் கோடைதோறும் மேலேறி வந்து மேய்ந்தன.

இது வெறும் சொற்பிழையாக இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஓர் இடம் ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்று சொல்லும்போதே, அதற்குமுன் அதை அறிந்தவர் எவருமில்லை என்ற கூற்றும் உடன்வருகிறது. 1982இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1983 முதல் மேய்ச்சல் முற்றிலும் தடைசெய்யப்பட்டபோது, அந்தக் கூற்று சட்டமாயிற்று. மலையேறியின் வியப்பு அரசின் கொள்கையானது. அன்றிலிருந்து இப்பள்ளத்தாக்கில் பார்வையாளருக்கு இடமுண்டு, ஆய்வாளருக்கு இடமுண்டு, ஒளிப்படக்காரருக்கு இடமுண்டு. ஆட்டிடையருக்கு மட்டும் இல்லை.

பூங்காவின் பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். டிப்ரா பனியாற்றில் பிறக்கும் புஷ்பாவதி ஆறு இதனூடே இறங்கி வருகிறது. கோவிந்த்காட்டிலிருந்து கங்காரியா வரை ஏறி, அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடப்பவர்கள் முதலில் காண்பது பூக்களை அன்று, பழங்காட்டை. ஃபிர் மரங்களும் ரோடோடென்ட்ரான்களும் பூர்ஜ மரங்களும் செறிந்த காடு அது. பட்டையை ஏடாக உரித்தெடுக்கத்தக்க அந்தப் பூர்ஜ மரத்தின் மீதுதான் இமயம் சார்ந்த நிலங்களின் பழஞ்சுவடிகள் எழுதப்பட்டன. கணித வரலாற்றில் பெரிதும் பேசப்படும் பக்ஷாலிச் சுவடியும் பூர்ஜப்பட்டைச் சுவடியே. மரவரம்பைக் கடந்ததும் காடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் பனி உருகிய சில மாதங்களுக்குள் முளைத்து, பூத்து, விதை சிந்தி மடியும் சிறுசெடிகளின் திறந்தவெளி. பிரிமுலா, பொட்டென்டில்லா, அனிமோன், நீலப் பாப்பி எனப் பூக்கும் தாவரங்கள் இங்கு ஐந்நூறு இனங்களுக்கும் மேல் உள்ளன. ஜூன் தொடக்கம் முதல் அக்டோபர் இறுதி வரை பூங்கா திறந்திருக்கும். இரவில் எவரும் உள்ளே தங்கக்கூடாது.

மரவரம்புக்கு மேற்பட்ட இந்த வெளியைக் கார்வால் மக்கள் ‘புக்யால்’ என்கிறார்கள். மேய்ச்சல்வெளி என்பதே அச்சொல் உணர்த்தும் பொருள். நிலத்தின் பெயரிலேயே அதன் பயன்பாடும் பயன்படுத்தியோரும் அடங்கியிருக்கிறார்கள். தமிழ் மரபில் ‘முல்லை’ என்பது ஒரு பூவையும், காடு சார்ந்த நிலத்தையும், ஆயர் வாழ்வையும் ஒருசேரக் குறித்து நிற்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. பூ வேறு, மேய்ப்பர் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பார்வைதான் புதியது.

அப்பார்வையின் சட்ட வடிவம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 35ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவாக இருக்கிறது. தேசியப் பூங்காவில் எந்தக் கால்நடையும் மேயக்கூடாது. எந்தக் கால்நடையும் உள்ளே நுழையவும் கூடாது என்கிறது அது. பின்னர் ஒரு விலக்கைச் சேர்க்கிறது: பூங்காவுக்குள் செல்ல அனுமதி பெற்ற ஒருவர் தமக்கு ஊர்தியாகப் பயன்படுத்தும் கால்நடை நுழையலாம். அதாவது விலங்கின் குளம்பு பட்டாலே நிலம் கெட்டுவிடும் என்று சட்டம் கருதவில்லை. அனுமதி பெற்றவரைச் சுமக்கும் விலங்கு உள்ளே போகலாம். இடையரின் வயிற்றுக்குச் சோறிடும் விலங்கு போகக்கூடாது. இந்த ஒரு விலக்கே சட்டத்தின் மனச்சாய்வைக் காட்டப் போதுமானது. சரணாலயங்களில் மேய்ச்சலை முறைப்படுத்த இதே சட்டம் இடமளிக்கிறது. தேசியப் பூங்கா என்று பெயர் மாறியவுடன் முறைப்படுத்தும் பேச்சுக்கே இடமில்லை. நிலத்தின் தாவரவியலில் எதுவும் மாறுவதில்லை. அறிவிக்கையில் உள்ள பெயர்தான் மாறுகிறது.

தடையின் பின்விளைவு என்ன என்பதில் தாவரவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாலிகோனம் எனப் பரவலாக அறியப்படும், ஆளுயரம் வளரும் ஒரு செடி பள்ளத்தாக்கின் பெரும்பகுதிகளில் அடர்ந்து பரவி, குட்டையான பூச்செடிகளை நிழலில் மூடிவருகிறது. மேய்ச்சல் நின்றதே இதற்குக் காரணம் என்று ஒரு தரப்பு 1990களிலிருந்து வாதிட்டு வருகிறது: இளந்தளிரை ஆடுகள் தின்றும் மிதித்தும் கட்டுக்குள் வைத்திருந்தன, அவை வெளியேறியதும் உயரமான செடிகள் வென்றன என்பது அவர்கள் வாதம். மண்சரிவும் பனிச்சரிவும் குலைத்த இடங்களில் இச்செடி இயல்பாகவே முதலில் குடியேறுகிறது. மேய்ச்சல் தடையை மட்டும் காரணமாக்குவது பிழை என்கிறது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். ஆனால் இரு தரப்பும் மறுக்காத ஒன்று உண்டு. பாலிகோனம் வெளிநாட்டிலிருந்து வந்த களை அன்று. இமயத்தின் சொந்தச் செடி. ஆகவே ‘அந்நிய ஆக்கிரமிப்பு’ என்ற எளிய விளக்கம் இங்கே செல்லாது. வேலியிட்டு மூடினால் இயற்கை தன் பழைய சமநிலைக்குத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை இப்பள்ளத்தாக்கில் மெய்ப்படவில்லை. வனத்துறை ஆண்டுதோறும் கூலியாட்களை அமர்த்தி இச்செடியைப் பிடுங்கி எறிந்து வருகிறது. மனிதக் கை படாத இயற்கை என்று அறிவிக்கப்பட்ட இடம், மனிதக் கை இல்லாமல் பூக்களின் பள்ளத்தாக்காக நீடிக்க இயலவில்லை.

இதற்கு ஒப்பான நிகழ்வு, இதைவிடக் கொடிய வடிவில், அதே ஆண்டில் ராஜஸ்தானிலும் நடந்தது. பரத்பூரின் கேவலாதேவ் நீர்நிலை தேசியப் பூங்காவானதும் 1982இல் எருமைகள் உள்ளே மேய்வது தடைசெய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தினர் மீது காவல்துறை சுட்டதில் உயிர்கள் பறிபோயின. அங்கே 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய நீண்டகால ஆய்வு, எருமைகள் வெளியேறியபின் பாஸ்பாலம் என்னும் புல் நீர்ப்பரப்பை அடைத்துப் பெருகியதையும், அதனால் நீர்ப்பறவைகளின் வாழிடம் சுருங்கியதையும் பதிவுசெய்தது. பறவைகளைக் காக்க எருமைகள் விரட்டப்பட்டன; எருமைகள் இல்லாமற் போனதால் பறவைகளுக்கு இடம் குறைந்தது. சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கு அந்த ஆய்வறிக்கை எந்தப் பயனும் தரவில்லை. அதைவிட வருந்தத்தக்கது, அந்தப் பாடம் சட்டத்துக்குள் நுழையவே இல்லை என்பது. 35ஆம் பிரிவின் அந்த உட்பிரிவு அப்படியே நிற்கிறது.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. இமயத்தின் புக்யால்கள் பலவற்றில் மிகைமேய்ச்சல் உண்மையான சிக்கல். இடையர்களின் அடுப்புக்கும் குடிசைக் கூரைக்கும் பூர்ஜ மரங்கள் வெட்டப்பட்டன. மரவரம்பில் மெதுவாக வளரும் அந்த மரம் எளிதில் மீள்வதில்லை. அதிவிடயம், கடுகுரோகிணி, சடாமாஞ்சி முதலிய மருந்துச்செடிகள் வணிகத்துக்காக வேரோடு தோண்டப்பட்டன. வெளியிலிருந்து வந்த பெருமந்தைகளும் உள்ளூர் மந்தைகளும் போட்டியிட்ட இடங்களுண்டு. ஊர்மக்கள் அனைவரும் இயற்கையின் தூய காவலர் என்று பாடுவதும், அவர்கள் அனைவரும் அழிப்பவர் என்று தூற்றுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். ஆயினும் மிகைமேய்ச்சலுக்கு மருந்து மேய்ச்சலின் அளவை வரையறுப்பதாகத்தான் இருக்க முடியும். எத்தனை ஆடுகள், எந்த மாதம், எந்தச் சரிவு என்ற கேள்விகளுக்கு விடை காண்பதே அறிவியலின் வேலை. ‘எதுவும் கூடாது’ என்பது அளவைக் கணக்கிட மறுப்பவர்களின் விடை.

அளவு என்பது கார்வால் மரபுக்குப் புதியதும் அன்று. பிரம்ம கமலத்தை நந்தாஷ்டமிக்கு முன் பறிக்கலாகாது; புக்யாலில் கூச்சலிடலாகாது என்ற வழக்கங்கள் அங்கே உண்டு. ஆவணி, புரட்டாசி வாக்கில் வரும் அந்த நாள்வரை காத்திருப்பதால் செடி விதை முதிர்வதற்கு அவகாசம் பெறுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். தேவிக்கு அஞ்சிக் காக்கப்பட்ட ஒரு நெறி இருந்தது. அந்நெறி எல்லாக் காலத்திலும் முழுமையாகப் பின்பற்றப்பட்டதா என்பது வேறு கேள்வி. வனச்சட்டமும் எல்லாக் காலத்திலும் முழுமையாகப் பின்பற்றப்படுவதில்லை. இடையரை வெளியேற்றியபோது ஆடுகள் மட்டும் வெளியேறவில்லை. அந்த நெறியைச் சுமந்தவர்களும் வெளியேறினார்கள்.

இப்பள்ளத்தாக்கைத் தனித்த ஒன்றாகப் பார்த்தால் இதன் அரசியல் விளங்காது. இதே மாவட்டத்தில் ரேணி என்னும் ஊர் இருக்கிறது. 1974 மார்ச்சில் கௌரா தேவியும் அவ்வூர்ப் பெண்களும் மரங்களைக் காத்து நின்ற நிகழ்வு சிப்கோ இயக்கத்தின் முதன்மையான அத்தியாயமாகப் பள்ளிப் பாடநூல்கள் வரை சென்றிருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1982இல், நந்தா தேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டு, ரேணி, லாதா முதலிய ஊர்மக்கள் பரம்பரையாகச் சென்றுவந்த மேய்ச்சல்வெளிகளின் வாயில் அடைக்கப்பட்டது. காட்டைக் காத்ததற்காகப் போற்றப்பட்டவர்கள் காட்டுக்கு ஆபத்தானவர்களாக மாறினார்கள். 1998இல் லாதா மக்கள் ‘ஜப்தோ சீனோ’ என்ற போராட்டத்தை அறிவித்து, தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்தார்கள். ‘பறித்துக்கொள்’ என்பது அப்பெயரின் பொருள். சிப்கோவைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் ஜப்தோ சீனோ எத்தனை முறை உச்சரிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கல்விப்புலம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். மரத்தைத் தழுவிய பெண்ணின் படம் சுவரொட்டிக்கு ஏற்றது. உரிமையைக் கேட்கும் பெண்ணின் படத்தை யாரும் மாட்டுவதில்லை.

ஆட்டுக்கு மூடப்பட்ட வாயில் வேறு எதற்கெல்லாம் திறந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நந்தா தேவி உயிர்க்கோளக் காப்பகத்தின் வெளிமண்டலத்தில், ரேணிக்கு அருகிலேயே ரிஷி கங்கை நீர்மின் திட்டம் எழுந்தது. 2021 பிப்ரவரி 7 அன்று மலையிலிருந்து பெயர்ந்த பாறையும் பனியும் பெருவெள்ளமாக இறங்கி அத்திட்டத்தை அடித்துச் சென்றது. தபோவனில் கட்டப்பட்டுவந்த திட்டத்தையும் சிதைத்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். பாறைச் சரிவை அணை உண்டாக்கவில்லை. ஆனால் அத்தனை தொழிலாளர்கள் வெள்ளத்தின் வழியில் நின்றிருந்ததற்கு அணைகளே காரணம். அதே ஆண்டு ஜூலையில், இத்திட்டங்களை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து, மனுதாரர் ஒவ்வொருவரும் 10,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. செம்மறியாடு புகக்கூடாத அளவுக்கு நொய்மையான நிலம் என்று 1982இல் கணிக்கப்பட்ட மலையின் விளிம்பில் சுரங்கமும் வெடிமருந்தும் புக முடிந்தது.

பூக்களின் பள்ளத்தாக்கின் வாசலில் இப்போது நிகழவிருப்பதும் இதே கணக்குதான். 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை கோவிந்த்காட்டிலிருந்து ஹேமகுண்ட் சாகிப் வரை 12.4 கிலோமீட்டர் நீளமுள்ள ரோப்வே திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 2,730 கோடி ரூபாய்க்கும் மேல். நாளொன்றுக்கு 11,000 பேரை ஏற்றிச் செல்லும் திறன். ஹேமகுண்ட் செல்லும் பக்தர்களுக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகளுக்கும் இது பயன்படும் என்று அரசின் அறிவிப்பே கூறுகிறது. முதியோரும் உடல்நலிவுற்றோரும் வழிபாட்டுத் தலத்தை அடைய வசதி வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, அதை இகழ்வதற்கில்லை. கேட்கப்பட வேண்டியது வேறு. ஒரு நாளைக்கு 11,000 பேரின் காலடியும் கழிவும் குடிநீர்த் தேவையும் கங்காரியாவையும் பள்ளத்தாக்கையும் என்ன செய்யும் என்று கணக்கிட முடியும் என்றால், ஓர் ஊரின் மந்தை என்ன செய்யும் என்று 1983 முதல் இன்றுவரை ஏன் கணக்கிட முடியவில்லை? மனிதக் கூட்டத்துக்குத் ‘தாங்குதிறன்’ என்ற கலைச்சொல் உண்டு. ஆட்டு மந்தைக்கு மட்டும் அச்சொல் வழங்கப்படவில்லை. அதற்குக் கிடைத்தது ‘தடை’ என்ற ஒரே சொல்.

கல்விப்புலம் இதில் வெறும் பார்வையாளராக இருந்ததில்லை. ஆண்டுதோறும் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகள் மாணவர்களைக் களப்பயணமாக இமயப் புல்வெளிகளுக்கு அழைத்துச் செல்கின்றன. மாணவர்கள் இலத்தீன் பெயர்களை எழுதுகிறார்கள். உலர்தாவரத் தாள்களை ஒட்டுகிறார்கள். ஆய்வேடுகளில் ‘ஆய்வுப் பகுதி’ என்ற இயல் உயரம், மழையளவு, மண்வகை ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, ‘மனிதத் தலையீடற்ற தூய நிலப்பரப்பு’ என்ற ஒரு தொடருடன் முடிகிறது. எந்த ஆண்டில் யார் வெளியேற்றப்பட்டதால் அது ‘தலையீடற்றதாக’ ஆயிற்று என்ற வாக்கியம் அங்கே இருப்பதில்லை. செடியின் உள்ளூர்ப் பெயரும் மருத்துவப் பயனும் மட்டும் அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் இடம்பெறும். அவற்றைச் சொன்னவர் ‘தகவலாளர்’ எனப்படுவார். தகவலாளரின் அறிவு அறிவியலுக்குப் போதுமானதாக இருக்கிறது; அவருடைய உரிமை மட்டும் அறிவியலுக்கு வெளியே நிற்கிறது. சமூகவியல் துறைகளோ மேய்ச்சலை ‘வாழ்வாதாரம்’ என்ற தலைப்பில் பேசிவிட்டுப் புல்லின் பெயரைக்கூட அறியாமல் திரும்புகின்றன. இரு துறைகளும் ஒரே பாதையில் ஏறி இறங்கினாலும் சந்திப்பதில்லை.

இதில் மிக எளிதாகத் தவறவிடப்படும் செய்தி, நாட்டின் சட்டமே இன்று இரண்டு குரலில் பேசுகிறது என்பது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நிலையாக வாழ்வோரின் மேய்ச்சலையும் பருவந்தோறும் இடம்பெயர்வோரின் மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஏற்கிறது. அச்சட்டத்தில் ‘வனநிலம்’ என்பதன் வரையறை சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் உள்ளடக்கியது. வனவிலங்கு வாழிடத்துக்காக அவ்வுரிமையை மாற்றியமைக்க வேண்டுமானால், முதலில் உரிமை ஏற்பு முடிந்திருக்க வேண்டும்; மீளாத சேதம் நேரும் என்பதற்குச் சான்று வேண்டும்; கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பை அச்சட்டம் இடையரின் தோளிலிருந்து இறக்கி அரசின் தோளில் வைத்தது. நடைமுறையில் 1972இன் குரலே கேட்கிறது; 2006இன் குரல் கருத்தரங்குகளில் மட்டும் ஒலிக்கிறது.

பாலிகோனத்தைப் பற்றிய விவாதம் எப்படி முடிந்தாலும் இந்த உரிமைக் கேள்வி முடிவதில்லை. ஆடுகள் திரும்பினால் பூக்கள் பெருகும் என்று நிறுவப்பட்டால்தான் இடையருக்கு உரிமை என்று சொல்வது, அவரை மீண்டும் ஒரு களைபிடுங்கும் கருவியாக்குவதே. சூழலியல் கேள்விக்கு ஆய்வு விடை தரட்டும்: பள்ளத்தாக்கின் சிறு பகுதிகளில், பியூந்தார், புல்னா ஊர்மக்களுடன் கூடி வகுத்த அளவில், மேய்ச்சல் உள்ள நிலத்தையும் இல்லாத நிலத்தையும் பத்து, பதினைந்து ஆண்டுகள் அருகருகே வைத்து ஒப்பிடட்டும். அதற்குத் தேவையான துணிவு தாவரவியலாளர்களிடம் இருக்கிறது. தேவையான அனுமதி சட்டத்தில் இல்லை. ஆகவே சட்டம் மாற வேண்டும். தேசியப் பூங்காக்களில் மேய்ச்சலை முழுமையாக விலக்கும் உட்பிரிவு நீங்கி, ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் தன்மைக்கேற்ப அளவை வகுக்கும் அதிகாரம் கிராம சபையுடன் பகிர்ந்துகொள்ளப்பட வேண்டும். மலையில் எழுப்பப்படும் எந்தத் திட்டத்துக்கும், ஆடுகளுக்கு விதிக்கப்பட்ட அதே கடுமையுடன் நொய்மைச் சோதனை நடத்தப்பட வேண்டும்.

அடுத்த ஜூனில் பள்ளத்தாக்கு திறக்கும்போது எத்தனையோ துறைகளின் மாணவர்கள் அங்கே ஏறுவார்கள். ஏறட்டும், பார்க்கத் தகுந்த இடம் அது. பார்ப்பதற்கு முன் அறிவிக்கையின் ஆண்டையும், அதற்கு முந்தைய பெயரையும், கங்காரியாவில் தேநீர் விற்பவரின் தந்தை எந்தச் சரிவில் ஆடு மேய்த்தார் என்பதையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு ஏறுவதுதான் களப்பணி. அந்தப் பக்கம் வெற்றாக இருக்கும்வரை, அடுத்த பக்கங்களில் எழுதப்படும் ஐந்நூறு பெயர்களும் வெளியேற்றப்பட்ட ஒரு வீட்டின் பொருட்பட்டியலாகவே இருக்கும்.